ஆறு தொட்டியிலும் கறுப்பு

என் தம்பி பூவரசன் எதிர்த்து நின்று ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எட்டாம் மாதத்திலேயே ஒன்றரைக் கிலோவாகப் பிறந்தான். பிழைக்காது என்று நர்சம்மா சொன்ன பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆறாம் வகுப்பில் ஓவிய ஆசிரியர் அவனை நான்கு முறை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். அதே வருடம் பென்சில் படத்துக்கு மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு வாங்கினான். ரயில்வே எழுத்துத் தேர்வில் முதல் தடவையே தேறினான். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒகேனக்கல் பரிசல்காரர்கள் இவனை மட்டும் ஆறு வருடம் தங்களோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். நல்லம்பள்ளியில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்த படங்களை பெங்களூரில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினான். நானூற்றுப் பதினாறு பேர் அனுப்பியதில் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் இவன் ஒருவன்.

இத்தனைக்கும் அவனுக்குச் சில நிறங்கள் தெரியாது. அவன் சம்மதம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அவனுக்கு ஏழு வயது மூத்தவள். பெயர் மணிமேகலை. எட்டாவதோடு நின்றவள். இண்டூருக்கு வெளியே ஒண்ணேகால் ஏக்கரில் மல்பெரி போட்டு, நானும் வீட்டுக்காரர் மாதவராஜும் பட்டுப்புழு வளர்க்கிறோம். பூவரசனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது தக்காளி பறிக்கப் போனோம். அவன் கூடையில் பாதிக்குப் பாதி காய். சோம்பேறித்தனம் என்று அப்பா அடித்தார். அடி வாங்கிக்கொண்டே அவன் என்னைப் பார்த்து, "எது பழம்னு நீ எப்பிடிக்கா கண்டுபிடிக்கிற?" என்று கேட்டான். அன்றைக்கு எனக்குப் புரிந்தது. சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுதான். மறுநாளிலிருந்து நான் பறித்தேன், அவன் சுமந்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

ரயில்வேயில் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு கண் பரிசோதனை. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார்களாம். மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிட்டார்கள். அவன் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். "இதுல எனக்கும் மத்தவங்களுக்கும் ஒரே படம்தாங்க்கா தெரியும்" என்றான். அப்படித்தான் நம்பினான். நானும் நம்பினேன்.

அந்தக் கண்காட்சிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. எடுத்தவரே அச்சிட்ட படங்களை மட்டும்தான் வைப்பார்கள். லேபில் கொடுத்து வாங்கக் கூடாது. பன்னிரண்டு படம் வேண்டும். தர்மபுரியில் மூடிய ஒரு ஸ்டூடியோவிலிருந்து மைத்தொட்டி ஆறு உள்ள பழைய இங்க்ஜெட் அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கிவந்தான். அவன் எங்களோடுதான் இருக்கிறான், எங்கள் வீட்டில் தகரக் கூரை. அந்தச் சூட்டில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், புழு ஷெட்டின் முன்பக்க அறையில் வைத்தோம். புழுவுக்காக அங்கே ஈரப்பதத்தை எழுபது சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருப்பேன். ஈயும் வெயிலும் உள்ளே வராதபடி மூன்று பக்கமும் பச்சை வலை கட்டியிருக்கிறோம்.

முதல் பன்னிரண்டை 2023 ஜனவரி இரண்டாம் தேதி அனுப்பினான். ஒன்பதாம் தேதி கண்காட்சியை நடத்தும் நிர்மலாதேவி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டான்.

"பூவரசன், படம் அருமை. ஆனா எல்லாம் பச்சை அடிக்குது. நீங்க பார்க்கலையா?"

"பச்சைங்களா மேடம்? கறுப்பு வெள்ளை ஃபைல்தானுங்க குடுத்தேன்."

"ஃபைல் சரி. பிரின்ட் பச்சை. பாசி படிஞ்ச மாதிரி இருக்கு. திரும்பப் போட்டு அனுப்புங்க."

போனை வைத்தான். மாதவராஜ்தான் பேசினார். "கறுப்பு வெள்ளப் படத்துல பச்ச எங்க மாப்ள வரும்? அந்தம்மா கண்ணாடிய தொடச்சிப் போடச் சொல்லு."

எங்கே வரும் என்று அவன் ஒரு வாரம் படித்துத் தெரிந்துகொண்டான். இயந்திரம் சாம்பல் நிறத்தைக் கறுப்பு மையால் மட்டும் செய்வதில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் பொடிப்பொடித் துளிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நம் கண்ணுக்குச் சாம்பலாகக் காட்டுகிறது. ஒன்று இம்மி கூடினாலும் படம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கறுப்பு மையை மட்டும் பயன்படுத்து என்று கட்டளை கொடுத்தும் பார்த்தான். அருவிச் சாரல் முழுக்க மிளகுத்தூள் தூவினதுபோல் புள்ளிபுள்ளியாக வந்தது.

நிறமே இல்லை என்று அவன் ஒதுங்கிவந்த இடத்தில்தான் நிறம் ஒளிந்திருந்தது. அதுவும் அவனுக்குத் தெரியாத பச்சை.

"இனி ஒவ்வொரு தாளையும் நீதான் பாத்துச் சொல்லணும்க்கா" என்றான்.

பார்த்தேன். ஜனவரி பதினெட்டிலிருந்து பிப்ரவரி ஆறு வரை, ஷெட்டின் முன்னறையில், இயந்திரம் தாளைத் துப்பியவுடன் எடுத்துப் பார்ப்பேன். புழுக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்டு எழுதினேன். "பச்சை." "கொஞ்சம் பச்சை." "இன்னும் துளி பச்சை." நான் சொல்லச் சொல்ல அவன் கம்ப்யூட்டரில் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். நாற்பத்தேழாவது தாளில், "சரியான சாம்பல்டா" என்றேன். அவன் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்குத்தான் தெரியும். பன்னிரண்டையும் அச்சிட்டு அனுப்பினோம்.

பிப்ரவரி பதினான்காம் தேதி பார்சல் திரும்பி வந்தது. மேலே ஒரு கடிதம். இப்போது எல்லாப் படமும் சிவப்பு அடிக்கிறது, முன்னதைவிட மோசம், மார்ச் பதினொன்றாம் தேதிக்குள் சரியான அச்சு வராவிட்டால் அவன் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார். கடைசி வரி: இதை யார் கண்ணால் பார்த்துச் சரி என்றீர்கள்?

சாப்பிட உட்கார்ந்தபோது மாதவராஜ் சொன்னார், "மாப்ள, ஓசூர் கம்பெனில பேக்கிங் பிரிவுல எடம் இருக்குது. மார்ச் பதிமூணு சேரச் சொல்றாங்க. நான் வாக்குக் குடுத்துட்டேன். கேமராவ என் சிநேகிதன் மகன் கேக்குறான். முப்பத்திநாலு வயசாச்சு, எத்தன நாளைக்கி ஜெராக்ஸ் கடை?"

"பதினொண்ணு வரைக்கும் பாக்குறேங்க மாமா. ஆவலைன்னா போயிர்றேன்."

"நெசமாவா?"

"நெசந்தாங்க."

அவன் அப்படி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டால் மாற மாட்டான். 

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் ஷெட்டில் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் சிவப்பு இல்லை. சுத்தமான சாம்பல். அந்த அம்மா பொய் சொல்கிறார், படித்தவர்கள் இப்படித்தான் நம்மைத் தட்டிக்கழிப்பார்கள் என்று கோபம் வந்தது. பக்கத்து வயல் பாஞ்சாலியிடம் காட்டிச் சாட்சி வாங்கலாம் என்று ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வலையைத் தாண்டி நான்கு எட்டு வைத்திருப்பேன். கையில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

வெற்றிலை போட்ட வாயைக் கொப்பளித்த தண்ணீர்போல் இருந்தது. அருவியும் பாறையும் பரிசலும் எல்லாமே இளஞ்சிவப்பு.

உள்ளே போனேன். சாம்பல். வெளியே வந்தேன். சிவப்பு. ஐந்து முறை போய்ப்போய் வந்தேன். பதினோரு வருடமாகக் கட்டியிருக்கும் வலை. அதன் வழியாக வரும் வெளிச்சம் பச்சை என்பதே என் கண்ணுக்கு மறந்துபோயிருந்தது. வெளிச்சத்தின் பச்சையையும் தாளின் பச்சை என்று நினைத்து, இருபது நாள் அவனைச் சிவப்பு ஏற்ற வைத்திருக்கிறேன்.

அவனிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. மல்பெரி வரப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு போய்ச் சொன்னேன்.

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தலையை ஆட்டினான். "சரிக்கா. உன் மேல தப்பில்ல" என்றான். சற்றுப் பொறுத்து, "தக்காளித் தோட்டத்துலேர்ந்து நீ சொன்னததான் நம்பிட்டு வந்தேன். அதனால வேற யாரையும் கேக்கணும்னே தோணல" என்றான். அவ்வளவுதான். அன்று மாலை கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். ஓசூருக்கு எடுத்துப்போகும் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டான். மூன்று நாள் இயந்திரத்துப் பக்கமே போகவில்லை. என்னோடு வழக்கம்போலப் பேசினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நல்ல தாள் இருபத்தொன்றுதான் மீதி. நாள் இருபத்தொன்று. அவன் கண் உதவாது. என் கண்ணும் இப்படி ஆகிவிட்டது. யாரைக் கூப்பிட்டு எந்த வெளிச்சத்தில் காட்டுவது?

பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அடுத்த புழு மார்ச் மூன்றாம் தேதி வர இருந்ததால் ஷெட்டைக் கழுவி மருந்தடிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரைக் கெட்டியாகக் கரைத்து வைத்துக்கொண்டு, சுவருக்கு ஒரு அளவு, தட்டுகளுக்கு ஒரு அளவு, கால் கழுவும் தொட்டிக்கு ஒரு அளவு என்று தண்ணீர் சேர்த்துக்கொண்டிருந்தேன். அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து ஊற்றுவது என் பழக்கம். பூவரசன் தட்டுகளை வெளியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தவன் நின்றுவிட்டான்.

"அக்கா, கறுப்பு மையில இது மாதிரி கலந்தா என்ன ஆவும்?"

"வெளுத்துப்போவும்."

"வெளுத்துப்போனா என்ன கலரு?"

"சாம்பல்தான். வேற என்ன?"

"அப்ப நீலம், செவப்பு, மஞ்ச எல்லாத்தையும் எடுத்து வெளிய ஊத்திட்டு, ஆறு தொட்டிலயும் கறுப்பே ஊத்தினா? ஒண்ணுல கெட்டி, ஒண்ணுல பாதி, ஒண்ணுல கால்வாசி... நெறமே உள்ள இல்லைன்னா அது எங்கேர்ந்துக்கா வரும்?"

நான் குவளையைக் கீழே வைத்தேன்.

மை காய்ந்தாலும் பரவாயில்லை, பச்சை வெளிச்சம் வேண்டாம் என்று இயந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். ஐந்து தொட்டிகளையும் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அச்சுத் தலையைக் கழுவ விற்கும் நிறமில்லாத திரவத்தை விட்டு அலசினோம். அலசிய தண்ணீரில் சிவப்பு இன்னும் இருக்கிறதா, நீலம் இன்னும் இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. ஒன்பது முறை அலசிய பிறகு தெளிந்தது. கறுப்பை அதே திரவத்தால் நீர்க்க வைக்கும் கலவை என் பொறுப்பு: பாதி, கால், எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று. ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாக ஆணை கொடுக்கும் மென்பொருளை அவன் தேடிப் பிடித்துக்கொண்டான்.

முதல் சோதனைத் துண்டு வந்தது. வாசலில் வைத்துப் பார்த்தேன். 

"சொல்லுக்கா."

"பழுப்புடா. புளிக்கரைசல் மாதிரி இருக்கு."

கெட்டியாக இருக்கும்போது கறுப்பாகத் தெரிந்த அந்த மை, நீர்த்ததும் பழுப்பாகிவிட்டது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். மாதவராஜ் உள்ளே எட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் மை நாற்றம், என் விரல் பத்தும் கறுப்பு.

"அக்காளும் தம்பியும் கரி மூட்டம் போடுறீங்களா?" என்றார். யாரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "பெங்களூருல வேற மை கெடைக்காதா?" என்று அவரே கேட்டார்.

இருபத்திரண்டாம் தேதி பூவரசன் பஸ் ஏறிப் போய் நான்கு கடைகளில் நான்கு வகைக் கறுப்பைச் சின்னப் புட்டியில் வாங்கிவந்தான். நான் ஒவ்வொன்றையும் முப்பத்திரண்டில் ஒன்றாகக் கரைத்து வெள்ளைத் தாளில் சொட்டுவிட்டுக் காயவைத்தேன். இந்தத் தடவை என் கண்ணை நம்பவில்லை. காலை பத்து மணி, வீட்டின் வடக்குப் பக்கத்து நிழல், வெறும் வானத்து வெளிச்சம். உடுத்தியிருந்த ரோஸ் சேலைகூடத் தாளில் நிறம் காட்டும் என்று, மாதவராஜின் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டேன். எது எந்த மை என்று சொல்லாமல் பாஞ்சாலியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுல எது என்ன கலருன்னு சொல்லு."

"ஏம்மா, நாலுமே எழவு வூட்டுக் கலருதான். இதுக்கா என்ன களை வெட்டுறப்ப கூப்ட்ட?"

"நல்லாப் பாரு."

குனிந்து பார்த்தாள். "இது காப்பித்தண்ணி. இது நீலம் ஓடுது. இதும் காப்பிதான், பால் ஊத்தினது. இது..." நான்காவதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ஒண்ணுமில்ல. வெறும் நெழலு மாதிரி இருக்குது."

நானும் அதைத்தான் குறித்துவைத்திருந்தேன். நான்காவது புட்டி. ஆறு தொட்டியையும் மறுபடி அலசி அதையே நிரப்பினோம்.

பிறகும் கஷ்டம் தீரவில்லை. ஒரு தொட்டியின் சாம்பல் முடிந்து அடுத்த தொட்டியின் சாம்பல் தொடங்கும் இடத்தில் படி ஏறினதுபோல் ஒரு தடம் விழுந்தது. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை இருபத்தொரு கட்டம் போட்ட துண்டு ஒன்றை அச்சிட்டு, அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினான். எனக்குப் பதினேழாம் கட்டமும் பதினெட்டாம் கட்டமும் ஒன்றாகத்தான் தெரிந்தன. சொன்னேன்.

"இல்லக்கா, பதினெட்டு கொஞ்சம் அதிகமா இறங்கிருச்சு" என்றான்.

நான் நம்பாமல் இரண்டையும் வெட்டி, பின்னால் அடையாளம் போட்டு, கலைத்துக் கொடுத்தேன். எட்டு முறை கலைத்தேன். எட்டு முறையும் சரியாக எடுத்து வைத்தான். நிறத்துக்காக நான் பார்க்க வேண்டியது ஒன்றுமே இல்லாமல் போயிற்று. வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிச்சமிருந்தன, அதில் நான்தான் குருடு. ஜனவரி பதினெட்டுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு தாளை என்னிடம் காட்டாமலேயே அவன் சரி என்று எடுத்துவைத்தான். நான் போய் மல்பெரிக்குத் தண்ணீர் திறந்துவிட்டேன்.

மார்ச் எட்டாம் தேதி நல்ல தாள்களில் அச்சிட ஆரம்பித்தான். இரண்டாவது தாள் பாதியில் கரண்டு போய் வீணானது. மூன்று தாளில் மை சிந்தியது. ஒன்பதாம் தேதி ஒரு துவாரம் அடைத்துக்கொண்டு, அருவி மேல் மயிரிழைக் கோடு விழுந்தது. கழுவினால் மை செலவாகும், கலந்து வைத்ததில் இரண்டு தொட்டி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கழுவாமலே தொடர்ந்தான். பத்தாம் தேதி மதியம் பன்னிரண்டு படமும், மீதி ஐந்து தாளும் இருந்தன, ஆனால் கலக்க மை இல்லை. பன்னிரண்டில் ஐந்தில் கோடு இருப்பதை இருவரும் பார்த்தோம். 

பதினொன்றாம் தேதி அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பெங்களூர் பஸ்ஸில் போனோம். ஓசூர் தாண்டும்போது அவன் ஜன்னல் வழியே கம்பெனிகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

நிர்மலாதேவிக்கு ஐம்பது வயது இருக்கும். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு எங்களை மறந்துவிட்டார். ஒவ்வொரு படத்தையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே. பிறகு மஞ்சள் பல்பு ஒன்றைப் போட்டு அதற்குக் கீழே. பூவரசன் தன் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஐந்து படங்களை எடுத்து ஒரு பக்கம் கவிழ்த்து வைத்தார். அவை எவை என்று எனக்குத் தெரியும்.

"அஞ்சுல கோடு இருக்கு. வைக்க முடியாது."

"சரிங்க மேடம்" என்றான் பூவரசன். எழுந்திருக்கப் போனான்.

"எங்க போறீங்க? இந்த ஏழு எங்க வச்சுப் பார்த்தாலும் மாறல. எப்படிப் போட்டீங்க?"

சொன்னான். ஆறு தொட்டியையும் சொன்னான். நிறுத்திவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்தான். "எனக்குச் சிவப்பு பச்சை தெரியாதுங்க மேடம். முன்ன ரெண்டு தடவையும் என்ன அடிச்சிருந்துச்சுன்னு இப்ப வரைக்கும் நான் பாக்கல. கலரெல்லாம் எங்க அக்காதான் பாத்தாங்க. சொல்லாம மறைச்சதுக்கு மன்னிக்கணும்."

இருபத்தைந்து வருடம் நான் காத்த சத்தியத்தை அவனே உடைத்துவிட்டான். நிர்மலாதேவி என்னைப் பார்த்து, "அப்படியாங்க?" என்றார். நான் தலையாட்டினேன்.

ஏழில் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தார். ஈரப் பாறைமேல் கவிழ்த்துக் காயவைத்த பரிசல். அடியில் தார் பூசியது. பாறையும் கறுப்பு, தாரும் கறுப்பு.

"இந்த ரெண்டு கறுப்பையும் தனித்தனியா பிரிச்சு நிறுத்தினது யாரு? அதுவும் அக்காவா?"

"இல்லைங்க. அது எனக்கே தெரிஞ்சதுங்க."

அவர் ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார். "இந்த ஏழையே வச்சுக்கலாம். பின்பக்கம் கீழ, வலது ஓரத்துல கையெழுத்துப் போடுங்க. தேதியோட."

பரிசல்காரர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் நூற்றுக்கணக்கில் படம் கொடுத்தவன், ஒன்றில்கூடத் தன் பெயர் எழுதியதில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. தான் பார்ப்பதுதான் அந்தத் தாளில் இருக்கிறது என்று அவனால் எப்படி உறுதி சொல்லியிருக்க முடியும்? பென்சிலை வாங்கிக்கொண்டவன் என் பக்கம் திரும்பவில்லை. படத்தைக் கவிழ்த்தான், தாளை ஒரு தடவை உள்ளங்கையால் நீவினான், எழுதினான்.

பூவரசன். 11.3.2023, சனிக்கிழமை.